கஞ்சியை விட்டு ஏறியவர்கள்

திருச்செங்கோடு,
15.06.2025

அன்புள்ள யுவா,

உனக்கு அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. உன் படத்தையும் காணவில்லை. மலையில் சிக்னல் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சிக்னல் போனா படம் எதுக்குங்க போகுது?" என்று விடுதியில் பக்கத்துக் கட்டில் அக்கா கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்று உனக்குத் தெரியும். சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடமும், எனக்கு இன்னொரு தோசை வேண்டும் என்று கேட்டு வாங்கித் தந்தவள் நீதான்.

புத்தகம் வந்துவிட்டது. 'நெடும்பாறை மலை: மண்ணும் மரபும்' என்று பெயர். ஜூன் முதல் தேதி எங்கள் முதலாளி அர்த்தநாரி ஐயா கல்யாண மண்டபம் பிடித்து வெளியிட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்திருப்பவர் எதற்காக ஆள் வைத்து மலை வரலாறு எழுதுகிறார் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை. முன்பக்கத்தின் பின்னால், அச்சகத்தின் முகவரிக்கு மேலே, 'களப்பணி, தொகுப்பு: பா. கோகிலவாணி' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடி அச்சில் வந்த பெயர் இதுதான். அம்மா அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டாள். இப்போது என் பெயரில் 'கோ' தெரிவதில்லை.

உனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கந்தப்பன் பெரியப்பா சொன்ன குடியேற்றக் கதை நாற்பத்தேழாம் பக்கத்தில் வந்திருக்கிறது. மாசியில் உங்கள் ஊரில் தங்கி அதைப் பதிவு செய்ததை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கதை நடுவில் இருக்கும்போது, ஆடு கஞ்சியில் இறங்கிவிட்டது என்று பெரியம்மா கத்தினாரே. கதையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்களே. ஒரு பானைக் கஞ்சிக்கு இத்தனை பேரா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

என்மேல் கோபமா? கோபம் என்றால் எதற்கு என்று மட்டும் எழுது. பதில் போட உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

கோகிலா


நெடும்பாறை,
28.06.2025

கோகிலவாணிக்கு,

உன் எண்ணை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். இனிமேல் எதைச் சொல்வதானாலும் தாளில் எழுது. தேதி போடு, கையெழுத்துப் போடு. மே மாதம் எனக்கு ஒரு செய்தி அனுப்பி, நான் திறப்பதற்குள் அழித்தாய். தாளில் எழுதியதை அப்படி அழிக்க முடியாது.

காரணம் கேட்கிறாய். உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இளநிலை உதவியாளர் வேலைக்குப் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் என் பெயர் வந்தபோது என்னைவிட நீ அதிகம் அழுதாய். பணி ஆணைக்குப் பதிலாக இப்போது விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. நான் பழங்குடியே அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து பிழைக்க வந்த குடியானவர் வம்சம், என் சாதிச் சான்று பொய் என்று யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். மனுவோடு ஒரு புத்தகப் பக்கத்தின் நகல். 'நாங்கள் காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்டு இம்மலையை வந்தடைந்தோம்' என்று எங்கள் பெரியப்பா, பெயரும் ஊரும் வயதுமாகச் சொல்கிறார். அவர் 'இம்மலை' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது மலை. வேறு மலை அவருக்குத் தெரியாது.

சான்று ரத்தானால் என் வேலை போகும். அதோடு நிற்காது. அதே சான்றை வைத்திருக்கும் எங்கள் ஊர் வீடு ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரு கடிதம் வரும்.

புத்தகம் ஜூன் முதல் தேதி வெளியானது என்று நீயே எழுதியிருக்கிறாய். மனுவில் இருக்கும் தேதி மே மாதத்தது. வெளிவராத புத்தகத்தின் பக்கம் யார் யார் கையில் இருந்தது? நீ அழித்த செய்தியில் என்ன இருந்தது? ஸ்டாம்ப் ஒட்டிப் பதில் உறை வைத்திருக்கிறாயே, நான் என்ன எழுதுவேன் என்று தெரிந்துகொள்ள அங்கே யாருக்கு அவ்வளவு அவசரம்?

அந்த உறை என்னிடமே இருக்கட்டும். இதை என் சொந்த உறையில் அனுப்புகிறேன். பிரதியும் வேண்டாம். என்னிடம் ஒரு பக்கம் இருக்கிறது, அது போதும்.

சு. யுவஸ்ரீ


திருச்செங்கோடு,
06.07.2025

யுவா,

உன் கடிதத்தை மலைக்கோயில் படியில் உட்கார்ந்து படித்தேன். விடுதியில் படித்தால் யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்பார்கள்.

உறை வைத்தது, உங்கள் ஊர்க் கடையில் உறை கிடைக்காது என்பதற்காக. அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

அச்சாவதற்கு முன்பு பக்கங்கள் என்னிடமும் அச்சகத்திலும் ஐயாவிடமும் இருந்தன. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அழித்த செய்தியில் இருந்தது அதே நாற்பத்தேழாம் பக்கத்தின் படம். பெரியப்பாவின் பெயரை அச்சில் பார்த்ததும் உனக்குக் காட்ட வேண்டும் என்று அனுப்பிவிட்டேன். வெளியீட்டுக்கு முன் வெளியாள் யாரும் பார்க்கக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பயந்து அழித்துவிட்டேன். எழுதும்போதே தெரிகிறது, இதை நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஐயாவிடம் கேட்டேன். நேராகக் கேட்கத் தைரியம் வராமல், புத்தகத்துக்கு வரவேற்பு எப்படி இருக்கிறது என்பதுபோல ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லாப் போகுதுங்க சாமி. அந்தப் பெரியவரு சொன்னாரு பாருங்க, கீழ இருந்து ஏறி வந்தோம்னு. அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. எங்க முப்பாட்டன் அந்த மலையக் கட்டி ஆண்டவருங்க. இவங்க வந்து ஒண்டுனவங்க. நாம சொன்னா சண்டைக்கு வருவாங்க. அவங்க வாயாலயே வந்துருச்சுல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியப்பா அதைச் சொன்னார். என் காதால் கேட்டேன். 'கஞ்சிய உட்டு ஏறியாந்தம்' என்றார். அதை நல்ல தமிழில் எழுதியதுதான் நான் செய்தது. பத்தாம் வகுப்பில் 'வந்தாங்க' என்று எழுதியதற்காக என் கட்டுரையைத் தூக்கிக் காட்டி வகுப்பே சிரிக்கும்படி செய்தார்கள். அதிலிருந்து பேச்சுத் தமிழைத் தாளில் விட எனக்குக் கை வராது. கல்லூரி விடுதியில் உங்கள் பழங்குடியின் பெயரைக் கேட்டு, 'மலையாளியா? அப்ப மலையாளம் பேசு' என்று உன்னைக் கேலி செய்தபோது, 'நாங்க கஞ்சியில இருந்து வந்தவங்க' என்று நீயே சொல்லவில்லையா? அன்று அது உனக்குப் பெருமையாக இருந்தது. இன்று நான் எழுதினால் குற்றமா?

கோகிலா


நெடும்பாறை,
17.07.2025

கோகிலவாணிக்கு,

விடுதியில் நான் சொன்னதை விடு. அது வேறு.

நீ எழுதிய பக்கத்தை நேற்று பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'காஞ்சிபுரம்' வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அது எங்க இருக்குது?" என்று கேட்டார். மதராசுக்குப் பக்கம் என்றேன். "நான் எதுக்கு அங்க போனேன்?" என்றார். அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "ஏ, நாம பட்டு நெய்யிற சாதியாம், உன் சீலைய எடுத்துக் காட்டு" என்றார். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் பெயருக்குத்தான் கடிதம் வந்திருக்கிறது.

கஞ்சி என்பது எந்த ஊரும் அல்ல. எங்கள் ஊருக்குக் கீழே, மலைச்சரிவில், எந்தக் கோடையிலும் காயாத சேற்றுப் பள்ளம் ஒன்று இருக்கிறது. கூழ்போலக் கிடப்பதால் அதற்குக் கஞ்சி என்று பெயர். எங்கள் ஊற்றுகள் எல்லாம் அதிலிருந்துதான். எங்கள் முதல் ஊரும் அதன் கரையில்தான் இருந்தது. அதை விட்டு மேலே ஏறினோம். பெரியப்பா சொன்னது அவ்வளவுதான். 'ஏறியாந்தம்' என்பதை நீ 'புறப்பட்டு வந்தடைந்தோம்' ஆக்கினாய். 'கஞ்சி'க்குப் புரம் கட்டிவிட்டாய். நல்ல தமிழ்.

இன்னொன்று. உன் ஐயாவின் மிளகுத் தோட்டம் எங்கள் மலையில் இருக்கிறதே, அங்கே போர் போட ரிக் வண்டி ஏறியபோது அப்பா அதை மறித்தார். கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தார். அது ஏப்ரல். மொட்டை மனு மே. என் அப்பாவை மிரட்ட என் வேலையில் கைவைக்கிறார்கள் என்று நான் நினைத்தால், அது தவறா என்று நீயே சொல். ஐயாவிடம் தலையை ஆட்டிவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறாய். மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா?

சு. யுவஸ்ரீ


திருச்செங்கோடு,
27.07.2025

யுவா,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் உங்கள் ஊரில் தங்கியிருந்தேன். தண்ணீர் எடுக்க உன்னோடு வந்தேன். மலையில் எது எங்கே இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பாறை, ஓடை, மரம் எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னார்கள். கஞ்சி என்று ஒரு பள்ளம் இருப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நில வரைபடத்தில் தேடினேன். உன் ஊருக்குக் கீழே 'ஓடைப் புறம்போக்கு' என்று மட்டும் இருக்கிறது. விசாரணைக் கடிதம் வந்த பிறகுதான் அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வந்திருக்கிறது. இப்படி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் விசாரணையில் உட்காருகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்பார்கள். யாராவது வக்கீல் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாரா? அப்படியானால் என்னிடமாவது உண்மையைச் சொல்.

ஐயா நேற்று என் மேசைக்கே வந்தார். அவர் வக்கீல் சந்திரசேகரும் கூட வந்தார்.

"ஏனுங்க சாமி, அந்த மலைப் பேச்செல்லாம் ரெக்கார்டு பண்ணுனீங்களே, அது எங்க இருக்குதுங்க?"

லேப்டாப்பில் இருக்கிறது என்றேன்.

"எல்லாத்தயும் நம்ம வக்கீலய்யா கிட்டக் குடுத்துருங்க. நீங்க ஒரு காப்பி வெச்சுக்க வேண்டாம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவெல்லாம்?"

சரிங்க என்றேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்று தெரியவில்லை. என் வாயில் 'சரிங்க' மட்டும்தான் சீக்கிரம் வருகிறது.

அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம். நீ ஏன் முன்பே சொல்லவில்லை என்றும் சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோகிலா


நெடும்பாறை,
08.08.2025

கோகிலா,

வக்கீல் வைக்க எங்களிடம் வசதி இருந்தால் நான் எதற்கு இளநிலை உதவியாளர் வேலைக்குப் படித்திருப்பேன்?

நீ வந்து பார் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதமாட்டேன். எதைக் காட்டினாலும் நேற்று தோண்டியது என்பாய். பள்ளத்தின் கரையில் 'கஞ்சி' என்று பெயர்ப் பலகை வைத்துவிடலாம் என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார். அப்பா அடிக்கப் போய்விட்டார். "நம்ம சாமி இருக்குற எடத்துக்குப் போர்டு வெக்கறதா? பஸ் ஸ்டாண்டாடா அது?"

பெரியப்பா உன்னிடம் பாதியில் விட்டதைச் சொல்கிறேன். நம்பினால் நம்பு.

ராசாவின் ஆள், ஏருக்கு இவ்வளவு என்று வரி கேட்டு மலையேறி வந்தான். எந்த ராசா என்று எங்களுக்குத் தெரியாது. உன் புத்தகத்தில் நாலு பேரைச் சொல்லியிருப்பாய். அப்போது கஞ்சிக் கரையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவர்களுக்கு ஒரு அக்காளும் இருந்தார்கள். வரி கொடுக்கமாட்டோம் என்றதும் படை வந்தது. ஊருக்கு வழி எது என்று படைக்காரன் கேட்டான். நான் காட்டுகிறேன் என்று அக்காள் முன்னால் நடந்தாள். நேராகக் கஞ்சிக்குள் நடந்தாள். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அவளும் மேலே வரவில்லை, அவர்களும் வரவில்லை. தம்பிகள் இரண்டு பேரும் ஊரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். மலையின் மேல்நாடு பெரியவனுக்கு, கீழ்நாடு சின்னவனுக்கு. அக்காளுக்கு ஒரு கல் நட்டார்கள். வில் பிடித்த ஆணும் பக்கத்தில் ஒரு பெண்ணும் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். இப்போது தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. யாரும் அதைத் தூக்கி நிறுத்துவதில்லை. அவள் இருக்கும் ஆழத்தில் அதுவும் இருக்கட்டும் என்பார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் வழி கேட்டு வருகிறவனுக்கு முதலில் தண்ணீர்தான் கொடுப்போம். வழியை யோசித்துத்தான் சொல்வோம்.

உன் புத்தகத்தில் எங்களை நூறு காதம் நடக்க வைத்திருக்கிறாய். எங்கள் இடப்பெயர்ச்சி மொத்தமும் ஒரு பிற்பகல் ஏற்றம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறிவிடலாம்.

விசாரணை ஆகஸ்ட் இருபத்தெட்டு, சேலத்தில். நீ வர வேண்டியதில்லை. அந்தப் பதிவை நீ யாரிடம் கொடுத்தாலும் கொடு. எங்களுக்குச் சாதகமாக அதில் எதுவும் இருக்காது.

யுவஸ்ரீ


அயோத்தியாப்பட்டணம்,
16.08.2025

யுவா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டேன், அது ஐயாவுடையது. போன் என்னுடையது. அன்று மலையில் பதிவு செய்ததும் போனில்தான். அதையும் கேட்டார்கள். 'சரிங்க' என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் சேலம் பஸ் ஏறிவிட்டேன். என் டிபன் பாக்ஸ் இன்னும் அங்கேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பதிவை முழுவதும் கேட்டேன். பெரியப்பாவின் பேச்சை மட்டும் அல்ல. நான் எழுதாமல் தள்ளிவிட்ட சத்தங்களையும் கேட்டேன். கீழே அப்படியே எழுதுகிறேன். இந்த முறை ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

பெரியப்பா: "அப்பறம் கஞ்சிய உட்டு ஏறியாந்தம். ஏறியாந்து..."

பெரியம்மா, தூரத்தில்: "ஏய், ஆடு கஞ்சில எறங்கிருச்சு! கவுறு எடுத்துக்கிட்டு ஓடியாங்கடா!"

ஒரு ஆள்: "எந்தப் பக்கம்?"

பெரியம்மா: "கல்லுப் பக்கம்! வவுறு மட்டும் முங்கிருச்சு!"

அதற்குப் பிறகு ஓடுகிற சத்தம். அப்புறம் நான் சிரிக்கிறேன். என் சிரிப்பை என்னால் கேட்க முடியவில்லை.

பானைக் கஞ்சியில் வாய் வைத்த ஆட்டுக்குக் கயிறு எதற்கு? பானையில் எந்தப் பக்கம் என்று யார் கேட்பார்கள்? எந்தப் பானையில் ஆடு வயிறு வரை முங்கும்? திரும்பி வந்தவர்களின் கால்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முழங்கால் வரை கறுப்புச் சேறு. பெரியப்பா உட்காருவதற்கு முன் காலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் பதிவில் இருக்கிறது. அத்தனையையும் பார்த்தேன். பார்த்தும் எனக்குத் தெரிந்த சொல்லைத்தான் நம்பினேன். கால்களை நம்பவில்லை.

இது மாசியில் பதிவானது. உன் அப்பா ரிக் வண்டியை மறிப்பதற்கு முன், மனுவுக்கு முன். அன்று அந்த ஆட்டுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் வருமா என்று தெரியவில்லை. போனின் குரல் வரும்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. எனக்குத்தான் தெரியாது. நீ ஏன் சிரித்தாய்?

கோகிலா


அயோத்தியாப்பட்டணம்,
30.08.2025

யுவா,

வெளியே வந்ததும் உன்னிடம் பேசாமல் போய்விட்டேன் என்று நினைக்காதே. உன்னைச் சுற்றி உன் ஊர்க்காரர்கள் நின்றார்கள். இடையில் நுழையக் கால் வரவில்லை.

அதிகாரி மூன்று முறை "சத்தமா சொல்லும்மா" என்றார். மூன்றாவது முறையும் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. காஞ்சிபுரம் என்று எழுதியது பெரியவர் அல்ல, நான் என்று சொன்னேனே, அது யாருக்காவது கேட்டதா? போனில் பதிவைப் போட்டதும் பெரியம்மாவின் குரலுக்கு அந்த அறையே போதவில்லை. "வவுறு மட்டும் முங்கிருச்சு" என்றபோது தட்டச்சு செய்கிறவர் சிரித்துவிட்டார். விசாரணைக் குழுவில் இருந்த மானிடவியல் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் சந்திரசேகர் உட்கார்ந்திருந்தார். வேறு வேலையாக வந்ததாக வாசலில் யாரிடமோ சொன்னாராம். பெயரில்லாத மனுவுக்கு வக்கீல் எதற்கு? பள்ளம் சரியாக எங்கே இருக்கிறது என்று பேராசிரியர் கேட்டார், உன் அப்பா சொன்னார். அதுவரை எதையும் எழுதாத சந்திரசேகர் அப்போது பேனாவை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் எழுதவில்லை. கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

எந்தக் கோடையிலும் காயாத தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ரிக் வைத்திருப்பவரின் ஆளுக்குத் தெரிந்துவிட்டது. நான் உங்களுக்கு நல்லது செய்தேனா என்று தெரியவில்லை. கவனமாக இருங்கள்.

கோகிலா


நெடும்பாறை,
12.10.2025

கோகி,

இந்தக் கடிதம் நீ வைத்த உறையில் வருகிறது. இத்தனை நாள் அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. கொஞ்சம் மடங்கியிருக்கும்.

சான்று உண்மையானது என்று உத்தரவு வந்துவிட்டது. பணி ஆணையும் வந்தது. ஆத்தூரில் வேலை. இந்த வாரம் சேர வேண்டும். நீ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அப்பா வீட்டுக்கு வந்து, "அந்தப் புள்ள சன்னமாத்தான் பேசுச்சு, ஆனா எல்லாத்தயும் பேசிருச்சு" என்றார்.

நான் ஏன் சிரித்தேன் என்று கேட்டாய். பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆனது, பெரியப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்ததால்.

அன்று நீ சிரித்ததும் பெரியப்பா என்னைப் பார்த்தார். உன் பை மேல் ரிக் கம்பெனியின் பெயர் இருந்தது, அதை அவர் பார்த்ததை நீ கவனித்திருக்கமாட்டாய். நீ பானை என்று நினைத்துக்கொண்டாய், அப்படியே இருக்கட்டும் என்று அவர் கண் சொன்னது. அதனால் நானும் சிரித்தேன். எங்களுக்கு இது புதிது இல்லை. வெள்ளைக்காரன் வந்து எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டானாம். எங்கள் முன்னோர் கஞ்சியிலிருந்து என்றார்களாம். அவன் காஞ்சிபுரம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் பள்ளத்தைத் தேடவில்லை. நாங்கள் பொய்யும் சொல்லவில்லை, இடத்தையும் காட்டவில்லை. விடுதியில் நான் சொன்னதும் அதைத்தான். வெளியாள் கேட்டால் இப்படிச் சொல் என்று எங்களுக்குப் பேசப் பழக்கும்போதே பழக்கிவிடுவார்கள். இத்தனை தலைமுறை எங்களைக் காப்பாற்றிய அந்த ஒரு சொல் என் பெயருக்குக் கடிதமாக வந்தபோது, எங்கே பிசகியது என்று எங்களுக்கே புரியவில்லை. நீ திருத்தி எழுதினாய். நாங்கள் திருத்தாமல் விட்டோம்.

இப்போது கஞ்சி அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது. அப்பாவுக்கு இது ஜெயித்ததா தோற்றதா என்று தெரியவில்லை. உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார், யாரிடமும் காட்டுவதில்லை.

நீ எச்சரித்தது சரிதான். உத்தரவு வந்து கொஞ்ச நாளில் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். நல்ல சட்டை. கையில் ஒரு தாள், அதில் கோடு. மனை பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். பெரியம்மாதான் வாசலில் இருந்தார்.

"ஏனுங்கம்மா, கஞ்சிக்கு எப்படிங்க போறது?"

பெரியம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "வெயில்ல வந்துருக்கீங்க, உக்காருங்க சாமி" என்றார். உள்ளே போய் ஆளுக்கு ஒரு சொம்பு ராகிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லீங்கம்மா, நாங்க கேட்டது..." "குடிங்க சாமி, இன்னும் இருக்குது." வெங்காயமும் வைத்தார். குடித்து முடித்ததும் மறுபடி கேட்டார்கள். மறுபடி ஊற்றினார். மூன்றாவது சொம்புக்கு அவர்கள் எழுந்துவிட்டார்கள். பெரியப்பா எழுந்து போய், ஜீப்பைத் திருப்பக் கை காட்டி உதவி செய்தார்.

மறுபடி வருவார்கள். அடுத்த முறை கஞ்சியோடு போகமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா இன்னொரு மனு எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதும்போது பக்கத்தில் நீ இருந்தால் நன்றாக இருக்கும். பெரியப்பா சொல்வதைச் சொன்னபடியே எழுத ஆள் வேண்டும்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கடிதத்தையும் நிறுத்தாதே. வரும் நாளை எழுது, கடைசி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். வழியில் யாரிடமும் எதுவும் கேட்காதே. உன் பையையும் மாற்றிக்கொள்.

நீ வந்தால் உனக்கு மட்டும் கஞ்சி ஊற்றமாட்டோம். பெரியம்மா சொல்லச் சொன்னார்.

யுவா